திறந்து பார்க்கக்கூடிய ஒரு செல்போன்

செல்போனில் பிரைவசி என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் லொகேஷன், மைக், கேமரா என்று நாலைந்து பொத்தான்களை அணைத்துவிட்டால் போதும், இனி நம் விஷயம் வெளியே போகாது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பொத்தான் திரையில் வரைந்த ஒரு படம். அதைத் தொட்டதும் மைக் உண்மையிலேயே அணைகிறதா, அணைந்ததுபோலக் காட்டிவிட்டு உள்ளே வேறு ஏதாவது நடக்கிறதா என்பதை முடிவு செய்வது உள்ளே ஓடும் மென்பொருள். அந்த மென்பொருளை யாரும் படித்துப் பார்க்க முடியாது என்றால், நமக்கு மிஞ்சுவது அதைச் செய்த கம்பெனியின் வாக்கு மட்டும்தான். நம்பலாம், நம்பாமல் இருக்கலாம், சரிபார்க்க வழி கிடையாது. சரிபார்க்க வழியுள்ள போன் ஒன்று எப்படி இருக்கும், அதற்கு உள்ளே என்னென்ன வேண்டும், திருநெல்வேலிப் பக்கம் இருந்துகொண்டு நாம் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

போனுக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பும் யூடியூபும் ஓடுகிற மெயின் பிராசஸர் ஒன்று. டவரோடு பேசுகிற மோடம் இன்னொன்று, அதற்கென்று தனி மென்பொருள். வைஃபை சிப்புக்குள்ளும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. சிம் கார்டே ஒரு கம்ப்யூட்டர்தான். அந்த நகத்தளவு தகட்டுக்குள் பிராசஸர், மெமரி, குட்டிப் புரோகிராம்கள் எல்லாம் இருக்கின்றன, ஆபரேட்டர் நினைத்தால் டவர் வழியாகவே அவற்றை மாற்றவும் முடியும். இப்படி ஒவ்வொன்றிலும் யாரோ எழுதிய மென்பொருள் ஓடுகிறது, அதில் பெரும்பகுதி மூடிய பெட்டி.

மெயின் பிராசஸரில் ஓடுவதிலிருந்து தொடங்குவோம். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் ஆப்களுக்கும் நடுவில் நிற்கும் மையப் பகுதி. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதன்மேல் உள்ள ஆண்ட்ராய்டின் அடிப்படைப் பகுதியையும் கூகுள் திறந்த நிலையில்தான் வெளியிடுகிறது. ஆனால் கடையில் வாங்கும் போனில் அதற்கும் மேலே கூகுள் பிளே சர்வீசஸ், போன் கம்பெனி சேர்த்த ஆப்கள், யாரோ காசு கொடுத்துத் திணித்த ஆப்கள் என்று அடுக்கடுக்காக வருகின்றன, அவை மூடியவை. 2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஐபோனையும் கூகுள் பிக்சலையும் எதுவும் செய்யாமல் சும்மா வைத்திருந்தாலும், சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை அவை தம் கம்பெனியின் சர்வருக்கு ஏதாவது தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தன. நீங்கள் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை.

இங்கேதான் கட்டற்ற மென்பொருள் வருகிறது. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கப் புரோகிராமர், யாரும் படித்து மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார், அதிலிருந்து வளர்ந்தது இந்தக் கொள்கை. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலை, அதாவது புரோகிராமர் எழுதிய வரிகளை, படித்து மாற்றலாம், அடுத்தவருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றிய பிரதியையும் கொடுக்கலாம்: இந்த நான்கு உரிமைகளும் இருந்தால் அது கட்டற்ற மென்பொருள். ‘நான் என்ன புரோகிராமரா, எனக்கு நிரலைப் படிக்கவா தெரியும்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீங்கள் படிக்க வேண்டாம், ஆனால் பாளையங்கோட்டையில் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பெண் படிக்கலாம், தவறு இருந்தால் ஊரறியச் சொல்லலாம், சொல்வதோடு நிற்காமல் அதைச் சரிசெய்து எல்லோருக்கும் கொடுக்கலாம், அவரை யாரும் தடுக்க முடியாது. அந்த வாய்ப்பு இருப்பதே ஒரு காவல்.

இதற்கு நல்ல உதாரணம் ரெப்ளிகன்ட். ஆண்ட்ராய்டிலிருந்து மூடிய பகுதிகளை எல்லாம் கழித்துவிட்டு முழுக்கக் கட்டற்றதாக மாற்றும் திட்டம் அது, 2010-இல் தொடங்கியது. சில சாம்சங் கேலக்ஸி மாடல்களில் மோடத்தோடு பேசும் மூடிய புரோகிராமுக்குப் பதிலாகத் தாங்களே ஒன்றை எழுத வேண்டியிருந்ததால், பழையது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். பார்த்தால், மோடம் கேட்டால் போனின் ஸ்டோரேஜில் உள்ள ஃபைல்களைப் படிக்க, எழுத, அழிக்க அந்தப் புரோகிராமில் வழி வைத்திருந்தது. 2014 மார்ச்சில் இதை வெளியிட்டார்கள். அதை யாராவது தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது இங்கே பேச்சில்லை. அப்படி ஒரு வாசல் இருந்ததே வாங்கியவர்களுக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன்.

சரி, மோடத்துக்கு வருவோம், இந்த விஷயத்தில் கஷ்டமான இடம் இதுதான். மோடத்துக்குள் ஓடும் மென்பொருள் கிட்டத்தட்ட எல்லா போன்களிலும் மூடியது, ஒருசில கம்பெனிகள்தான் இவற்றைச் செய்கின்றன, கட்டற்ற மோடம் மென்பொருளோடு கடைக்கு வந்த 4ஜி போன் எதுவும் இல்லை. அதோடு பல போன்களில் மோடமும் மெயின் பிராசஸரும் ஒரே சிப்புக்குள் இருந்து ஒரே மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நடுவில் வன்பொருள் வேலி போட்டிருக்கிறோம் என்பார்கள், நன்றாகவே போட்டிருக்கலாம், ஆனால் வெளியாள் போய் வேலியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது லேசு இல்லை. இதற்குத் திறந்த போன்களைச் செய்பவர்கள் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்: முன்பின் தெரியாத ஆளைத் திண்ணையோடு நிறுத்துவதுபோல மோடத்தைத் தனிச் சிப்பாக வெளியே வைத்துவிட்டு, யுஎஸ்பி வழியாக மட்டும் பேச விடுவது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் நீங்கள் செருகும் நெட் டாங்கிளுக்கு என்ன அதிகாரமோ அதுதான் அதற்கும். டவரோடு பேசு, நான் கொடுக்கும் தகவலை அனுப்பு, என் மெமரிப் பக்கம் வராதே. இப்படி வைத்தால் மோடம் மென்பொருள் மூடியதாகவே இருந்தாலும் அதனால் செய்யக்கூடிய கெடுதல் பெருமளவு குறைகிறது.

பியூரிசம் கம்பெனியின் லிப்ரம் 5 போனில் மோடம் கழற்றி மாற்றக்கூடிய தனிக் கார்டு. 2017-இல் மக்களிடம் முன்பணம் திரட்டி, 2019 செப்டம்பரில் முதல் போன்களை அனுப்பினார்கள். அதன் பக்கவாட்டில் மூன்று நிஜ சுவிட்சுகள்: மோடத்துக்கு ஒன்று, வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒன்று, கேமராவுக்கும் மைக்குக்கும் ஒன்று. மூன்றையும் அணைத்தால் ஜிபிஎஸ், மற்ற சென்சார்கள் எல்லாம் சேர்ந்து அடங்கிவிடும். 2020 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய பைன்64 கம்பெனியின் பைன்ஃபோனில் பின்மூடியைக் கழற்றினால் ஆறு குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். நகத்தாலோ ஊசியாலோ தள்ள வேண்டும். மோடம், வைஃபை, மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்ஃபோன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. முதலில் சொன்ன திரைப் பொத்தானுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே அணைத்தால் மின்சாரமோ சிக்னலோ நிஜமாகவே துண்டிக்கப்படுகிறது. எந்த மென்பொருளும், எந்த வைரஸும், விரல் இல்லாமல் அதைத் திரும்பப் போட முடியாது. மின்சாரம் ஓடுகிறதா என்று அளந்து காட்டும் மல்டிமீட்டர் வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

மல்டிமீட்டர் என்றதும் ரிப்பேர் கடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திறந்த வன்பொருள் என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்காவது விளக்கமே தேவையில்லை என்றால் அது அந்தக் கடைக்காரர்களுக்குத்தான். ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கமோ, மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏரும் வைத்து டெட் போனுக்கு உயிர் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. எந்த லைனில் ஷார்ட், எந்த கெப்பாசிட்டர் போயிருக்கிறது, எங்கே ஜம்பர் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஸ்கீமேட்டிக் வேண்டும், அதாவது போர்டில் எந்த உறுப்பு எதோடு இணைகிறது என்று காட்டும் வரைபடம். ‘இது எங்க அண்ணாச்சி கிடைக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘கம்பெனிக்காரன் எங்க தம்பி தாரான், எவனாவது வெளிய விட்டாத்தான் உண்டு’ என்பதுதான் பதிலாக இருக்கும். கசிந்த வரைபடங்களை வைத்துத்தான் ஒரு தொழிலே ஓடிக்கொண்டிருக்கிறது. திறந்த வன்பொருளில் அந்த வரைபடம் வாங்கியவரின் உரிமை. ஸ்கீமேட்டிக், போர்டில் செப்புக் கோடுகள் ஓடும் லேஅவுட், உதிரிப்பாகப் பட்டியல் ஆகியவற்றை வெளியிட்டு, பார்க்கவும் மாற்றவும் திரும்பச் செய்யவும் விற்கவும் அனுமதி கொடுத்தால் அதை முழுத் திறந்த வன்பொருள் என்கிறோம்.

இதில் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்குவதில்லை. திறந்த போன்களில் முன்னோடி ஓப்பன்மோக்கோ திட்டம், 2008-இல் வந்த அதன் நியோ ஃப்ரீரன்னருக்கு ஸ்கீமேட்டிக்கோடு வெளிக்கூட்டின் வடிவக் கோப்புகளையும் வெளியிட்டார்கள். லிப்ரம் 5-க்கும் பைன்ஃபோனுக்கும் ஸ்கீமேட்டிக் கிடைக்கிறது. ரிப்பேருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று சரிபார்ப்பதற்கும் அது பெரிய உதவி. அதற்கும் கீழே சிப்புக்குள் போனால் கதவு மூடித்தான் கிடக்கிறது, பிராசஸரின் உள் வடிவம் கம்பெனி ரகசியம். அங்கேயும் வேலை நடக்கிறது, அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டில் நடக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு: 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை (பிராசஸருக்குப் புரியும் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) அடிப்படையாக வைத்து சென்னை ஐஐடி ‘சக்தி’ பிராசஸர்களை வடிவமைத்தது, வடிவத்தை வெளியிட்டது, 2018-இல் சிப்பாக வந்து அதில் லினக்ஸும் ஓடியது. போனுக்குள் வர இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் அந்தக் கதவு திறக்கவே திறக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நீங்களே ஒரு போன் கட்ட முடியுமா? முடியும். அழகாக இருக்காது, பாக்கெட்டில் துருத்தும், ஆனால் பேசும். எம்ஐடி மீடியா லேபில் டேவிட் மெல்லிஸ் 2013 வாக்கில் ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு சார்ந்த ஒரு சின்ன போனைச் செய்து, வடிவக் கோப்புகளை எல்லோருக்கும் கொடுத்தார். இன்று செய்வதாக இருந்தால் ராஸ்பெரி பை என்ற ஒற்றை போர்டுக் குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு 4ஜி மாட்யூல், ஒரு டச் ஸ்கிரீன், சார்ஜிங் போர்டோடு ஒரு லித்தியம் பேட்டரி, ஸ்பீக்கர், மைக் இவ்வளவுதான். ராஸ்பெரி பை முழுத் திறந்த வன்பொருள் இல்லை, ஆனால் கற்றுக்கொள்ள நல்ல இடம். 4ஜி மாட்யூல் என்பது நான் சொன்ன அதே மோடம்தான், யுஎஸ்பி வழியாக வெளியே உட்கார்ந்திருக்கும். அதோடு பேசும் முறை கம்ப்யூட்டர் மோடம் காலத்திலிருந்து வருகிறது, ஏடி கட்டளைகள் என்று பெயர். ஏடிடி (ATD) என்று அடித்து, பக்கத்தில் போன் எண், கடைசியில் ஒரு அரைப்புள்ளி. எண்டர் தட்டினால் அந்தப் பக்கம் மணி அடிக்கும். ஏடிஏ (ATA) என்றால் வரும் அழைப்பை எடுப்பது, ஏடிஹெச் (ATH) என்றால் துண்டிப்பது. போன் கால் என்பது கடைசியில் இவ்வளவு சின்ன வாக்கியமா என்று முதல்முறை செய்து பார்க்கும் யாருக்கும் ஆச்சரியம் வரும், கல்லூரி லேபில் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது செய்து காட்ட வேண்டும். கட்டளைகளைக் கையால் அடிக்காமல் இருக்க மோடம்மேனேஜர் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது, திரைக்கு ஃபாஷ் அல்லது பிளாஸ்மா மொபைல் போட்டால் பார்க்கவும் போன் மாதிரியே ஆகிவிடும்.

மாட்யூல் வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. விலை குறைவு என்று 2ஜி மாட்யூலை வாங்கினால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, அங்கே 2ஜியும் இல்லை 3ஜியும் இல்லை, போன் கால்கூட வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் முறையில்தான் போக வேண்டும். அதனால் 4ஜி, அதிலும் வோல்டி ஆதரவு உள்ளது, அதிலும் இந்தியாவில் ஓடும் அலைவரிசைப் பேண்டுகள், உதாரணமாக 3, 5, 40 உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த மாட்யூல் இங்கே பாதி வேலைதான் செய்யும். பேட்டரியில் கவனம்: பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத லித்தியம் செல்லை மேசையில் வைத்து விளையாட வேண்டாம். 2ஜியில் பேசும் மாட்யூல்கள் நொடிப்பொழுதுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், மெலிந்த ஒயர் போட்டால் மாட்யூல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், மென்பொருளில் கோளாறு என்று அங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, மாட்யூலுக்கென்று ஐஎம்இஐ என்ற 15 இலக்க அடையாள எண் இருக்கும், அதை மாற்றுவது இந்தியாவில் குற்றம், அதில் கை வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தாலும் மறையாதது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையை நம்பி யாராவது மாட்டிக்கொள்வார்கள். போன் வேலை செய்ய வேண்டுமானால் நீங்கள் எந்த டவர் பக்கம் இருக்கிறீர்கள் என்று ஆபரேட்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு வரும் அழைப்பை எங்கே அனுப்புவது? அம்பாசமுத்திரத்தில் ஏறி டவுனுக்கு பஸ்ஸில் வந்தால் வழியில் உள்ள டவர் ஒவ்வொன்றும் உங்களைக் கை மாற்றி விட்டுக்கொண்டே வரும், போன் எவ்வளவு கட்டற்றதாக இருந்தாலும் சரி. சிம் உங்கள் அடையாள ஆவணத்தோடு கட்டப்பட்டது. சாதாரண போன் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் ஆபரேட்டருக்குத் திறந்த கடிதாசி. இதற்கு மருந்து, பேச்சை ‘சிக்னல்’ ஆப் மாதிரி முனைக்கு முனை மறையாக்கம் செய்யும், அதாவது பேசும் இருவரைத் தவிர நடுவில் யாருக்கும் புரியாதபடி பூட்டி அனுப்பும், செயலிக்கு மாற்றுவது. இருக்கும் இடமே தெரியக்கூடாது என்றால் மோடம் சுவிட்சை அணைப்பது. சுவிட்ச் ஏன் இவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

அப்படியானால் எந்தப் போன்? பைன்ஃபோனும் லிப்ரம் 5-உம் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், சுங்க வரியும் சேரும், வேகமும் குறைவு, பேட்டரி சீக்கிரம் இறங்கும். அவற்றைச் செய்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் வீட்டுக்கு ஒரே போன் என்று இருப்பவருக்கு அதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கம், பாதுகாப்பைக் கூட்டுவதற்காகவே ஆண்ட்ராய்டை மாற்றி எழுதிய கிராஃபீன்ஓஎஸ் இருக்கிறது. பிக்சல் போனில் மட்டும் ஓடும், மோடம் மென்பொருள் மூடியதுதான், ஸ்கீமேட்டிக்கும் கிடையாது, ஆனாலும் ஹேக்கரிடமிருந்தும் ஆப்களிடமிருந்தும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் இன்று அது பைன்ஃபோனைவிட வலுவானது. உங்களுக்கு வேண்டியது உடனடிப் பாதுகாப்பா, அடிவரை திறந்து பார்க்கும் உரிமையா என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு, இரண்டும் சேர்ந்து ஒரே போனில் இன்னும் வரவில்லை.

நம் ஊரில் உண்மையான தடை வேறு, யுபிஐ. அல்வாக் கடையிலிருந்து தள்ளுவண்டி வரை கியூஆர் ஒட்டியிருக்கிறது. பல பேங்க் ஆப்கள், போனில் கம்பெனி போட்ட ஆண்ட்ராய்டு இல்லை என்று தெரிந்தாலே திறக்க மறுக்கின்றன. தன் போனில் என்ன மென்பொருள் ஓட வேண்டும் என்று முடிவு செய்தவர் காய்கறி வாங்கக் காசு கொடுக்க முடியவில்லை என்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தப் போகிறவர் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. தற்போதைக்கு *99# என்று டயல் செய்து பணம் அனுப்பும் முறை இருக்கிறது, அதற்கு ஆப் எதுவும் வேண்டாம். அல்லது பேங்குக்கு மட்டும் ஒரு பழைய போனைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். நிறையப் பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

ஆரம்பிப்பதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பீரோவில் கிடக்கும் பழைய போனை எடுங்கள், கம்பெனி போட்டதற்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் ஆண்ட்ராய்டு ஒன்று உண்டு, பெயர் லினியேஜ்ஓஎஸ். அதன் தளத்தில் உள்ள பட்டியலில் உங்கள் போனின் மாடல் எண்ணைத் தேடுங்கள். செட்டிங்கில் உள்ள சரியான எண்ணைப் பாருங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை விற்றிருப்பார்கள், மாற்றிப் போட்டால் போன் எழுந்திருக்காது. போனை ஆன் செய்ததும் எந்த மென்பொருளை ஏற்றுவது என்று தீர்மானிக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும், போட்டோக்களை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். கூகுள் ஆப்கள் சேர்க்காமல் லினியேஜை மட்டும் போட்டு, எஃப்-டிராய்டை ஏற்றுங்கள். கட்டற்ற ஆப்களுக்கான கடை அது. வழி பார்க்க ஆர்கானிக் மேப்ஸ், நெட் இல்லாமலும் வேலை செய்யும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து ஓடுகிறது, உங்கள் தெரு அதில் இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம். தமிழில் தட்டச்ச இண்டிக் கீபோர்டு. கீபோர்டை லேசாக நினைக்காதீர்கள், நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு உட்பட ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. எல்லாம் போட்ட பிறகு சிம் போடாமல் வைஃபையில் மட்டும் சில நாள் ஓட்டிப் பாருங்கள், எந்த ஆப் இல்லாமல் உங்களால் இருக்க முடியவில்லை என்று தெரிந்துவிடும், அப்புறம் சிம்மை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.